நிலமும் கழகமும்: மான்செஸ்டர் பெல்வியூ ஸ்பீட்வே கழகத்தின் நிலைபேறு குறித்து

1. வினா

இங்கிலாந்தில் 1920களின் இறுதியில் தோன்றிய மோட்டார் சைக்கிள் பந்தயக் கழகங்களுள், நடுவே மூண்ட உலகப் போரையும், போருக்குப் பின் விதிக்கப்பட்ட கடுமையான கேளிக்கை வரியையும், வீடுதோறும் நுழைந்த தொலைக்காட்சியையும், எல்லாவற்றினும் கொடியதான நிலவிலை ஏற்றத்தையும் தாண்டிப் பிறந்த பேட்டையை விட்டு நீங்காமல் இன்றளவும் பந்தயம் நடத்திவருவன என்று சுட்டத்தக்கவை மிகச் சிலவே. அச்சிலவற்றுள் முதலில் நினைவுக்கு வருவது, கோயமுத்தூரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பெயரளவிலேனும் பழக்கமாகிவிட்ட அந்தப் பஞ்சாலை நகரத்துப் பெல்வியூ ஏசஸ் கழகம். இக்கழகம் எவ்வாறு நிலைத்தது என்பதே இக்கட்டுரை விசாரிக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. கழக வரலாறுகளும் வீரர்களின் வாழ்க்கைக் குறிப்புகளும் பெரும்பாலும் மகத்தான ஓட்டுநர் பரம்பரை ஒன்றைக் காட்டி, அவர்களுடைய கீர்த்தியே கழகத்தைத் தாங்கிற்று என்கின்றன. மற்றொரு சாரார் ரசிகர்களின் அபிமானத்தைக் காரணமாக்குகின்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் சேர்ந்தும் போதா என்பது என் அபிப்பிராயம். அழிந்த கழகங்களுக்கும் மகத்தான வீரர்கள் இருந்தனர். அழுது புலம்பிய ரசிகர்களும் இருந்தனர். ஆகவே மூன்றாவது காரணமாகிய நிலத்தை, அதாவது பந்தயம் நடந்த மைதானம் யாருடையது, எந்த நிபந்தனையில் கழகத்துக்குக் கிடைத்தது என்னும் கேள்வியை, முன்னிறுத்திப் பார்க்க வேண்டியதாகிறது.

2. பந்தயத்தின் இயல்பு

மோட்டார்ப் பந்தயம் என்றவுடன் சோழவரத்து ஓடுதளமே மனத்தில் எழும் நம் வாசகர்களுக்கு ஸ்பீட்வே இன்னதென்று சுருங்கச் சொல்லுதல் அவசியம். நீள்வட்டமான மண்தடத்தில், நால்வர், நான்கு சுற்று, கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் ஓட்டுவது இதன் அமைப்பு. வண்டி 500 சி.சி. திறனுள்ள ஒற்றைச் சிலிண்டர் எந்திரம், மெத்தனால் குடிப்பது, ஒரே கியர் உடையது, பிரேக் என்பதே இல்லாதது. வளைவை அணுகும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமல், பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை வளைவுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி, இரும்புத் தகடு பொருத்திய இடது காலணியைத் தரையில் ஊன்றித் தேய்த்துக்கொண்டே வண்டியைச் சாய்த்துச் செல்வார். பின்சக்கரம் வாரியிறைக்கும் களிக்கல் தூள் வேலிக்கு அப்பால் நிற்பவர் முகத்திலும் வந்து விழும். முதலில் வருபவருக்கு 3, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1 புள்ளி. கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ஓர் ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பழைய ஓட்டுநர்கள் எந்திரத்துக்கு ஆமணக்கெண்ணெய் கலந்த மசகை வார்த்தமையால், அது எரியும் வாசனையே இப்பந்தயத்தின் முதல் நினைவு என்று முதியவர்கள் கூறுவதுண்டு. நம் நாட்டில் குழந்தைகளுக்கு மூக்கைப் பிடித்துப் புகட்டிய எண்ணெய்க்கு இப்படியும் ஒரு பெருமை.

இவ்வியல்பிலிருந்து பொருளாதார விளைவு ஒன்று பிறக்கிறது. பந்தயம் வாரத்தில் ஒரு மாலை, ஓரிரு மணி நேரம், அதுவும் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரைதான். ஆனால் அதற்கு வேண்டிய இடமோ பல ஏக்கர். சில ஓட்டங்களுக்கு ஒருமுறை டிராக்டர் கொண்டு மண்ணைச் சமன்செய்து தண்ணீர் தெளிக்க ஆட்கள் வேண்டும்; இரைச்சலையும் புழுதியையும் பொறுக்கும் அண்டை வீட்டார் வேண்டும். வாரத்தில் ஒரு மாலை வசூலைக் கொண்டு பெருநகர நிலத்தின் விலையை ஈடுகட்ட எந்த ஸ்பீட்வே கழகத்தாலும் அநேகமாய் இயலாது. எனவே கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயத்தாரோடும் பழங்கார் மோதல் பந்தயத்தாரோடும் மைதானத்தைப் பங்கிட்டுக்கொண்டு, பிறர் நிலத்தில் வாடகைக் குடியாய் இருப்பதே இக்கழகங்களுக்குத் தொடக்கம் முதல் வாய்த்த விதியாயிற்று.

3. தொடக்கம் பற்றிய வழக்கு

இவ்விளையாட்டு எங்கே பிறந்தது என்பதில் தகராறு உண்டு. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்து வெஸ்ட் மெயிட்லண்ட் ஊரில், 1923 டிசம்பர் 15 அன்று, வேளாண்மைக் கண்காட்சிச் சங்கத்தின் செயலாளராயிருந்த ஜானி ஹாஸ்கின்ஸ் நடத்திய மின்விளக்கு விழாவே முதல் ஸ்பீட்வே என்பது பிரசித்தமான கதை. அதற்கு முன்னரே ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மண்தடங்களில் மோட்டார் சைக்கிள்கள் ஓடின என்பதற்கு ஆதாரங்கள் இருத்தலால், ஹாஸ்கின்ஸ் இவ்விளையாட்டைக் கண்டுபிடித்தார் என்பதினும் அதைச் சீட்டு விற்கத்தக்க காட்சியாக்கினார் என்பதே பொருத்தம்.

பிரிட்டனில் 1928 பிப்ரவரி 19 அன்று எப்பிங் வனத்து ஹை பீச் என்னுமிடத்தில் நடந்த பந்தயத்தையே முதலென்று கொள்வர். ஆனால் மான்செஸ்டரை ஒட்டிய டிராய்ல்ஸ்டனில் 1927 ஜூன் 25 அன்றே ஒரு மண்தடப் பந்தயம் நடந்தது. அங்கு ஓட்டுநர்கள் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையிலேயே ஓட்டினர். ஆயினும் ஆஸ்திரேலிய வீரர்கள் பிரிட்டனுக்கு வந்த பின்னரே ஸ்பீட்வே இங்கு தொடங்கியது என்பர் ஹை பீச் கட்சியார். இந்தத் தர்க்கம் எனக்கு அவ்வளவு உறுதியாகப் படவில்லை. விதிகள் கெட்டிப்படாத பருவத்தில் ஓட்டியவர் யார் என்பதை வைத்துக் குலம் பிரிப்பது பின்னாளைய கண்ணால் முன்னாளைப் பார்ப்பதாகும். நமக்கு இங்கே வேண்டியது வேறொன்று: பெல்வியூவுக்குச் சில மைல் தொலைவிலேயே, ஆஸ்திரேலிய வீரர்கள் கப்பலிறங்கு முன்னரே, உள்ளூர் மோட்டார் சைக்கிள் சங்கத்தாருக்கு இதில் ஆர்வம் இருந்தது.

4. பூங்காவின் நிழலில்

பெல்வியூவில் முதற்பந்தயம் 1928 ஜூலை 28 அன்று கிர்க்மன்ஷூம் லேன் கிரேஹவுண்ட் மைதானத்தில் நடந்தது. அம்மைதானமோ பிரிட்டனில் நாய்ப் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டவற்றுள் முதலாவது. 1926 ஜூலையில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1929 மார்ச் 23 அன்று, ஸ்பீட்வே அருகிலிருந்த ஹைட் ரோடு மைதானத்துக்குப் பெயர்ந்து அங்கேயே ஐம்பத்தெட்டு ஆண்டுகள் தங்கியது.

ஹைட் ரோடு மைதானம் தனித்து நின்றதன்று என்பதைக் கருத்தில் இருத்த வேண்டும். ஜான் ஜெனிசன் என்பார் 1836இல் தொடங்கிய பெல்வியூ விலங்கியற் பூங்காவின் ஓர் அங்கம் அது. யானையும் புலியும் பார்க்க வந்தவர்கள், வாணவேடிக்கைக்கு வந்தவர்கள், நடன மண்டபத்துக்கு வந்தவர்கள், பித்தளை வாத்தியக் குழுக்களின் போட்டியைக் கேட்க வந்தவர்கள் என்று ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் ஓய்வு நாளெல்லாம் அங்கே நிறைந்திருந்தன. ஜெனிசன் குடும்பத்தார் 1925இல் விற்ற பிறகு பூங்காவை நடத்திய கம்பெனிக்கு, இந்த ஜனத்திரளுக்குக் காட்டப் புதியதோர் அதிசயம் தேவையாயிருந்தது. ஸ்பீட்வே அத்தேவைக்குச் சரியாய் வந்து பொருந்தியது. தனி முதலாளி எவரேனும் ஒரு மைதானத்தை வாடகைக்குப் பிடித்து, மழை பெய்த வாரத்து நஷ்டத்தைத் தம் கைப்பணத்திலிருந்து கட்டிக்கொண்டிருந்த அக்காலத்தில், பெல்வியூவின் பந்தயத்துக்கு உணவுச்சாலையின் வருமானமும் விலங்குக் கூடத்தின் வருமானமும் மறைமுகமாகத் துணைநின்றன.

இ. ஓ. ஸ்பென்ஸ் என்னும் நிர்வாகியின் கீழ்க் கழகம் 1930களில் பெற்ற வெற்றிகள் வியக்கத்தக்கவை. 1933 முதல் 1936 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் தேசிய லீக் பட்டம். 1933 முதல் 1937 வரை ஐந்து முறை தேசியக் கோப்பை. ஃபிராங்க் வேரி, எரிக் லாங்டன், ஆஸ்திரேலியரான மாக்ஸ் குராஸ்குருட்ஸ் முதலியோர் அவ்வணியின் தூண்கள். வெம்பிளியில் 1936இல் நடந்த முதல் உலகச் சாம்பியன்ஷிப்பில் லாங்டன் 26 புள்ளிகளோடு லயனல் வான் பிராகுக்குச் சமமாக வந்து, தனியோட்டத்தில் தோற்று இரண்டாமிடம் பெற்றார். அன்று தாம் ஓடிய ஐந்து ஓட்டங்களிலும் முதலாக வந்த புளூயி வில்கின்சன், முன்சுற்றுகளிலிருந்து கூட்டிய ஊக்கப்புள்ளிகளின் கணக்கால் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். விதிமுறை எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனத்துக்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் கிடைப்பது அரிது.

5. போரும் வரியும்

1939இல் போர் மூண்டதும் நாடெங்கும் ஸ்பீட்வே நின்றுபோயிற்று. ஓட்டுநர்கள் படையில் சேர்ந்தனர், மைதானங்கள் ராணுவத்தின் கைக்கும் பிற உபயோகங்களுக்கும் சென்றன. அவ்வாறிருக்க, போர்க்காலம் முழுவதும் முறையாகப் பந்தயம் நடத்திய இடம் பெல்வியூ ஒன்றே. இதைக் கழகத்தாரின் மனோதிடத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். மனோதிடம் இருந்திருக்கலாம், ஆயினும் பிற ஊர்க் கழகத்தார் மனோதிடம் குறைந்தவர்கள் என்று கொள்ள யாதொரு முகாந்தரமும் இல்லை. பெல்வியூப் பூங்கா போர்க்காலத்திலும் திறந்திருந்தது. ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலைசெய்து களைத்த ஜனங்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டியிருந்தது. நிலத்தின் சொந்தக்காரரே காட்சியின் முதலாளியாகவும் இருந்தார். விடுப்பில் வந்த சிப்பாய் ஓட்டுநர்கள் கிடைத்தபோதெல்லாம் பந்தயம் நடந்தது. மனவுறுதி காரியமாவதற்கு ஒரு வாசற்கதவு திறந்திருக்க வேண்டும். மான்செஸ்டரில் அது திறந்திருந்தது.

போருக்குப் பின் சில ஆண்டுகள் ஸ்பீட்வேக்குப் பொற்காலம். பெல்வியூவில் ஜாக் பார்க்கர் ஓடினார். 1949 உலகப் போட்டியில் அவர் இரண்டாமவர். ஆனால் அரசாங்கம் சீட்டு வசூலில் ஏறத்தாழப் பாதியைக் கேளிக்கை வரியாக எடுத்துக்கொண்டமையால் கூட்டம் வந்தும் லாபம் தங்கவில்லை. கூட்டம் குறைந்தபோது நஷ்டமே மிஞ்சியது. 1950களின் நடுவில் கழகம் கழகமாக மூடப்பட்டது. 1946க்கும் 1953க்கும் இடையே ஏழு முறை லீக் பட்டம் வென்ற வெம்பிளி லயன்ஸ் அணியே, அதன் புரவலரான சர் ஆர்தர் எல்வின் 1957 பிப்ரவரியில் காலமானவுடன் அவ்வாண்டுப் பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது. மைதான முதலாளி ஒருவரின் பிரியம் போனால் பட்டங்கள் ஏழும் பயன்படா என்பதற்கு இது முதல் உதாரணம். பெல்வியூவோ அப்பஞ்சகாலத்தில் மெயிட்லண்ட் புகழ் ஹாஸ்கின்ஸையே நிர்வாகியாக வைத்துக்கொண்டு காலந்தள்ளியது.

6. வீரர் சரித்திரம் விளக்குவதும் விளக்காததும்

வீரர்களே கழகத்தைக் காத்தனர் என்னும் கொள்கைக்கு வலிமை தருபவர் பீட்டர் கிரேவன். லிவர்பூலில் பிறந்த இவர் 1952 முதல் பெல்வியூவுக்காக ஓடினார். 1955இலும் 1962இலும் உலகச் சாம்பியன் ஆனார். அப்பட்டத்தை இருமுறை வென்ற முதல் ஆங்கிலேயர் இவரே. உருவத்தில் சிறியவர். கனத்த தேகமுடையோர் வண்டியைப் பலத்தால் அடக்க, இவர் உடலின் எடையை இருக்கையின் மேல் முன்னும் பின்னுமாக மாற்றி, விழுந்துவிடுவார் என்று பார்ப்பவர் நெஞ்சம் பதறும் கோணத்திலும் விழாமல் வளைவைக் கடப்பார். சமநிலையின் மாயாவி என்று பட்டம் சூட்டினார்கள். 1963 செப்டம்பர் 20 அன்று எடின்பரோவின் ஓல்டு மெடோபேங்க் மைதானத்தில், தமக்கு முன்னே விழுந்த ஓட்டுநர்மேல் ஏறிவிடாதிருக்க வண்டியை ஒதுக்கியபோது வேலியில் மோதி, நான்கு நாள் கழித்து, 29ஆம் வயதில் உயிர் துறந்தார். அதே ஆண்டு பெல்வியூ தேசிய லீக் பட்டத்தை வென்றிருந்தது. பிரேக் இல்லாத வண்டியில் பிறர் உயிரைக் காக்க ஒதுங்கியவரின் நினைவு மான்செஸ்டர் ஜனங்களின் மனத்தில் கழகத்தைப் பற்றிய பாசத்தை ஒரு மதிப்பாகவே மாற்றிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. அவர் பெயரால் நினைவுக் கோப்பைப் போட்டி இன்றும் உண்டு.

பின்னர் நியூசிலாந்துக்காரரான ஐவன் மாகர் 1969 முதல் 1972 வரை பெல்வியூவில் இருந்த காலத்தில் 1969, 1970, 1972 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகப் பட்டம் பெற்றார். கழகம் 1970 முதல் மூன்றாண்டு தொடர்ந்து லீக் பட்டம் பெற்றது. பீட்டர் காலின்ஸ் 1976இல் போலந்தின் ஹோஷூவ் மைதானத்தில் உலகச் சாம்பியன் ஆனார். அவரும் கிறிஸ் மார்ட்டனும் ஓடிய அணி 1982இல் மறுபடியும் லீக்கை வென்றது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் ஒரு தடை எழுகிறது. 1964இல் தேசிய லீக்கில் எஞ்சியிருந்த கழகங்கள் ஏழே: பெல்வியூ, கவென்ட்ரி, ஆக்ஸ்போர்டு, ஸ்விண்டன், நார்விச், விம்பிள்டன், வெஸ்ட் ஹாம். இவற்றுள் நார்விச்சின் வீரர் ஓவே ஃபுண்டின் 1963இல் உலகச் சாம்பியன். அது அவருடைய நான்காவது பட்டம். அதற்கு அடுத்த ஆண்டே நார்விச் மைதானம் வீடு கட்டுவதற்கு விற்கப்பட்டுக் கழகம் முடிந்தது. உலகத்தில் முதல்வனாகிய வீரன் ஒருவன் ஒரு கழகத்தை ஓராண்டுகூடக் காப்பாற்ற முடியவில்லையென்றால், வீரர்களே காரணம் என்னும் விளக்கம் எப்படி முழு விளக்கமாகும்? மற்றவற்றின் கதியும் ஏறக்குறைய இதுவே. வெஸ்ட் ஹாமின் மைதானம் 1972இல் முடிந்தது. விம்பிள்டனில் பந்தயம் 1991இல் நின்று, பின் சிலகாலம் உயிர்பெற்று, மீண்டும் நின்று, இன்று அவ்விடத்தில் கால்பந்து அரங்கம் நிற்கிறது. கவென்ட்ரியின் பிராண்டன் மைதானத்தில் 2016க்குப் பின் பந்தயமில்லை. ஸ்விண்டனில் 2019க்குப் பின் இல்லை. ஆக்ஸ்போர்டில் 2007இல் நின்றது 2022இல்தான் திரும்பத் தொடங்கியது. ரசிகர்களின் அபிமானம் இவ்வூர்களில் குறைவு என்று சொல்ல எவரும் துணியார். ஏழில் பெல்வியூ ஒன்றே இடையறவின்றிப் பிழைத்தது. 2020இல் தொற்றுநோயால் நாடு முழுவதும் பந்தயம் நின்ற ஆண்டைக் கணக்கில் சேர்க்கலாகாது.

7. 1987ஆம் ஆண்டும் அதன் பின்னும்

பிழைத்தது என்றேனே தவிரக் காயமின்றிப் பிழைத்தது என்று சொல்லவில்லை. விலங்கியற் பூங்கா 1977இல் மூடப்பட்டபோதே கழகத்தைத் தாங்கியிருந்த நிழல் போய்விட்டது. மைதானம் மட்டும் ஒரு தனி நிலத்துண்டாய் எஞ்சியது. வாங்க ஆள் வந்தால் விற்றுவிடத்தக்க பொருளாக அது மாறிய காலத்தில்தான் 1982இன் வெற்றி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்தே ஆண்டுகளில், நாற்பதினாயிரம் பேர் கொள்ளும் என்று சொல்லப்பட்ட, 418 கஜச் சுற்றுடைய ஹைட் ரோடு மைதானம் கார் ஏலக் கம்பெனி ஒன்றுக்கு விற்கப்பட்டது. 1987 நவம்பர் 1 அன்று அங்கே கடைசி ஸ்பீட்வே பந்தயம்.

அப்பொழுது கழகத்தைக் காப்பாற்றியது என்ன? கூப்பிடு தூரத்தில் 1928இல் தான் பிறந்த அதே நாய்ப் பந்தய மைதானம் இன்னும் இருந்ததுதான். 1988இல் கழகம் அங்கே திரும்பியது. நாய்கள் ஓடும் வளையத்துக்கு உள்ளே குறுகியதொரு தடம் அமைக்கப்பட்டது. ஹைட் ரோட்டின் அகன்ற வளைவுகளில் வெளிப்புற வேலியை ஒட்டிப் பாய்ந்து பழகிய கண்களுக்கு அது மனநிறைவைத் தரவில்லை. ஆயினும் ரசிகர்கள் பழைய பேருந்திலேயே வந்து பழைய தெருக்களிலேயே நடந்தார்கள், வாராந்தரப் பழக்கம் அறுபடவில்லை. 1993இல் அங்கிருந்தும் ஒரு லீக் பட்டம் வந்தது. இவ்விரண்டாம் மைதானம் வேறு நகரங்களில் இல்லை. ஆகவே பெல்வியூவின் நிலைபேற்றில் பெரும்பங்கு ஓர் இடத்தின் தற்செயலுக்கு உரியது என்று நான் கருதுகிறேன்.

8. புதிய மைதானமும் நிலக் கொள்கையின் எல்லையும்

பிறர் மைதானத்தில் குடியிருந்த நிலை 2016இல் ஒருவாறு மாறியது. மான்செஸ்டர் நகராட்சியின் முயற்சியாலும், மைதானம் வேண்டுமென்று ஆண்டுக்கணக்காய் வாதாடிய முன்னாள் வீரர் மார்ட்டன் போன்றோரின் விடாமுயற்சியாலும், அதே கிர்க்மன்ஷூம் லேனில், சுமார் 80 லட்சம் பவுன் செலவில் தேசிய ஸ்பீட்வே மைதானம் எழுந்தது. 347 மீட்டர்ச் சுற்று, அகன்ற வளைவுகள், நாய்களுக்காக விட்டுக்கொடுத்த மூலை எதுவும் இல்லை.

ஆனால் நிலம் கிடைத்தால் எல்லாம் கிடைத்தது என்று என் கொள்கையை நானே மிகைப்படுத்திவிடலாகாது. திறப்புவிழா நாளான 2016 மார்ச் 19 அன்று, ஆயிரக்கணக்கானோர் கூடியபின், தடத்தின் மண் ஓட்டத்துக்கு ஏற்றவாறு பண்படவில்லை என்று பந்தயம் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு அணி லீக்கின் இறுதிப் போட்டி வரை சென்று உல்வர்ஹாம்ப்டனிடம் தோற்றது. ஆண்டு முடிவதற்குள் கழக நிர்வாகமோ பண நெருக்கடியால் கைமாறியது. தடத்தில் வெற்றியும் கணக்குப் புத்தகத்தில் தோல்வியும் ஒரே பருவத்தில் சேர்ந்து நின்றன. நிலம் கழகத்துக்கு ஆயுளைத் தரும். அன்றாட வாழ்வைக் கூட்டமும் நிர்வாகத் திறமையுமே தரவேண்டும். இவ்வேறுபாட்டைக் காணாமல் எழுதப்படும் நிலவாதமும் வீரவாதத்தைப் போலவே ஒருதலைப்பட்சமானதாகும்.

எனினும் நிலக் காரணத்தின் கனத்தைப் பின்வந்த ஒரு நிகழ்ச்சி ஐயத்துக்கிடமின்றிக் காட்டிவிட்டது. 1926இல் திறக்கப்பட்டு, 1928இலும் 1988இலும் கழகத்துக்கு இருமுறை புகலிடம் கொடுத்த அந்தக் கிரேஹவுண்ட் மைதானம் 2020இல் மூடப்பட்டது. புதிய மைதானம் எழாதிருந்தால் பெல்வியூவும் நார்விச்சின் வழியே போயிருக்கும். போகாமல், 2022இல் ஷெஃபீல்டை இறுதிப் போட்டியில் வென்று, இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. இனி இக்கழகங்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், புள்ளிப்பட்டியலைப் புரட்டுமுன் மைதானத்தின் கிரயப் பத்திரத்தையும் குத்தகை நிபந்தனைகளையும் தேடிப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவை நகராட்சி ஆவணக் கூடங்களிலும் பழைய கம்பெனிக் கோப்புகளிலும் தேடுவாரின்றிக் கிடக்கின்றன.